டீக்கு ஆட்டிய தலை

"எல்லாரும் டீ குடிக்கிறீங்களா?" என்று அவர் கேட்கிறார். அறுபது தலைகள் மேலும் கீழும் ஆடுகின்றன. ஓரத்தில் நிற்கும் கேமராக்காரர் ஒரு தலையையும் விடாமல் பிடித்துக்கொள்கிறார். "நேத்து பஸ்ஸு நேரத்துக்கு வந்துச்சா?" அறுபது தலைகளும் இடவலமாக ஆடுகின்றன. அதுவும் பதிவாகிறது. "உங்க வீட்டுல குறட்டை விடுறது யாரு?" முதலில் பெண்கள் சிரிக்கிறார்கள். அப்புறம் வேறு வழியில்லாமல் ஆண்களும் சிரிக்கிறார்கள். மொத்தம் பன்னிரண்டு நிமிஷத்தில் ஆமோதிப்பு, மறுப்பு, மகிழ்ச்சி மூன்றும் கைக்கு வந்துவிட்டன. விவாதத்தில் பேசப்போகிறவர்கள் அந்த நேரத்தில் ஒப்பனை அறையில் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி கேட்டவருடைய அடையாள அட்டையில் 'பார்வையாளர் ஒருங்கிணைப்பாளர்' என்று இருக்கிறது. அந்தப் பெயரைச் சொன்னால் தொலைக்காட்சி நிலையத்தின் வாசல் காவலருக்கே ஆள் தெரியாது. கைதட்டு அக்கா என்றால்தான் தெரியும். வாராவாரம் நடக்கும் விவாத நிகழ்ச்சிக்கு ஆள் சேர்ப்பது, சேர்த்தவர்களை உட்காரவைப்பது, உட்கார்ந்தவர்களைத் தட்டவும் சிரிக்கவும் வைப்பது ஆகியவை அவர் வேலை. பதினாறு வருஷமாகச் செய்கிறார். கேமராவுக்குள் ஒரு முறைகூட வந்ததில்லை. அவருடைய முதுகுதான் எப்போதும் கேமராவுக்கு.

தலையாட்டலை முன்கூட்டியே எடுத்து வைப்பது எதற்கு என்று கேட்டேன். ஒருவர் நன்றாகப் பேசும்போது கேமராக்கள் எல்லாம் அவர் முகத்திலேயே இருக்கும். பிறகு படத்தைத் தொகுக்கிறவர் நடுநடுவே ஒட்டுவதற்கு நாலு முகம் தேடுவார். அப்போது கைவசம் இருக்கவேண்டும். வீட்டில் பார்க்கிறவர், இத்தனை பேர் ஒத்துக்கொள்கிறார்களே என்று தானும் ஒத்துக்கொள்வார். அக்கா அதைச் சுருக்கமாகச் சொல்வார். "பேசுறவங்க பாதிதான் பேசுறாங்க சார். மீதியைக் கேக்கறவங்க மூஞ்சி பேசிடும்."

நானும் ஒரு நாள் இப்படி அவர் முன்னால் போய் உட்கார்ந்தவன்தான். டீ வேண்டுமா என்றார். ஆசையாகத் தலையாட்டினேன். நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது, இந்தக் காலத்து மாப்பிள்ளைகள் வீட்டில் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப்போடுவதில்லை என்று ஒரு அம்மையார் முழங்கினார். அடுத்த நொடி என் முகம் வந்தது. மேலும் கீழும், மேலும் கீழும். என் மாமியார் பத்து வருஷத்தில் முதல் தடவையாக எனக்கே போன் செய்து, "உண்மைய ஒத்துக்கிறதுக்கும் ஒரு மனசு வேணும் மாப்ளே" என்றார். அன்றிலிருந்து பாத்திரம் துலக்குகிறேன். அக்காவுடன் சிநேகம் பிடித்துக்கொண்டதும் அதற்குப் பிறகுதான்.

ஆட்களை உட்காரவைப்பதில் அவருக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. கண்ணாடி போட்டவர்கள் இரண்டாவது வரிசை, யோசிக்கிறமாதிரி இருக்கும். இருமுகிறவர்கள் வழியோரம். புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரக்கூடாது, ஒருத்தர் தட்டினால் மற்றவர் முறைப்பார். பார்த்ததும் நம்பத் தோன்றும் முகங்கள் முன்வரிசை நடுவில். அப்படிப்பட்ட முகம் நூற்றுக்கு மூன்றுதான் தேறுமாம். எனக்குக் கொடுத்தது நாலாவது வரிசை. நான் காரணம் கேட்கவில்லை.

கைதட்டலில் அவர் வகை பிரித்து வைத்திருக்கிறார். தூறலாகத் தொடங்கிப் பிடித்துக்கொள்வது ஒன்று. மூன்று தட்டோடு நின்றுவிடும் மரியாதைத் தட்டு ஒன்று. பேச்சு எப்போது முடியும் என்று காத்திருந்து தட்டும் விடுதலைத் தட்டு ஒன்று. ஒரு கை தட்டினால் ஓசை வராது என்பார்கள். ஒரே ஒரு ஆள் தட்டத் தொடங்கினால் போதும் என்பது அக்காவின் அனுபவம். அந்த முதல் ஆளைக் கண்டுபிடிப்பதுதான் தொழிலாம். வீட்டிலும் இந்தப் புத்தி போகவில்லை. லிஃப்ட் பழுது பார்க்கும் அவர் கணவர் செய்தி பார்க்கும்போது, அக்கா பேசுகிறவரைப் பார்க்காமல் பின்னால் நிற்பவர்களையே பார்ப்பார். "நான் பேசும்போதாவது என் மூஞ்சிய பாரும்மா" என்று கல்லூரிக்குப் போகும் மகள் சண்டை பிடிக்கிறாள்.

இதெல்லாம் ஏமாற்று இல்லையா என்று கேட்டால் முன்பெல்லாம் சிரிப்பார். "டீயும் நிஜம், தலையும் நிஜம். இதுல எங்க சார் பொய்?" டீயை உண்மையிலேயே கொடுத்துவிடுவார். இஞ்சி தட்டிப்போட்ட நல்ல டீ. அதைக் குடித்துக்கொண்டே எதிர்த்துப் பேச எனக்கும் வாய் வரவில்லை.

போன வருஷம் ஒரு வாரம், ஊர் நடுவில் இருக்கும் காய்கறிச் சந்தையை வெளியே கொண்டுபோகலாமா என்பது தலைப்பு. அந்தச் சந்தையில் இருபத்திரண்டு வருஷமாகத் தக்காளி விற்கும் ஒரு அம்மாவும் பார்வையாளராக வந்திருந்தார். நூற்றுக்கு மூன்று முகத்தில் ஒன்று. அக்கா அவரை முன்வரிசை நடுவில் உட்காரவைத்தார். விவாதத்தில் நகரத் திட்ட நிபுணர் ஒருவர் பேசினார். வெண்ணெய் தடவிய குரல். "அங்கே கடை வைத்திருப்பவர்களே உள்ளூர இதைத்தான் விரும்புகிறார்கள்" என்றார். ஒளிபரப்பில் அந்த வாக்கியத்துக்குப் பிறகு தக்காளிக்காரம்மாவின் முகம் வந்தது. சிரித்த முகத்தோடு நிதானமாக இரண்டு முறை தலையாட்டினார். மூன்றே வினாடி.

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று சின்ன வயதிலிருந்து ஒப்பிக்கிறோம். விசாரிக்க யாருக்கு நேரம்? விளம்பர இடைவேளை முடிவதற்குள் சந்தை தீர்ப்புச் சொல்லிவிட்டது. மறுநாள் காலையில் தக்காளிக்காரம்மாவோடு யாரும் பேசவில்லை. வழக்கமாக அவர் பெட்டிகளைக் கடைவரை கொண்டுவந்து வைக்கும் சுமைதூக்கி, தெருமுனையிலேயே இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். அதைவிடப் பெரிய அடி இன்னொன்று. பத்து நாளில் நகராட்சி மண்டபத்தில் சந்தையைப் பற்றி விசாரணை. எல்லோருக்காகவும் பேச ஒரே ஒரு ஆளுக்குத்தான் அனுமதி. வாய் உள்ள பிள்ளை பிழைக்கும் என்று அவரைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இப்போது அவர் பெயரை அடித்துவிட்டு முட்டைக்கடைக்காரர் பெயரை எழுதினார்கள். முட்டைக்கடைக்காரர் நல்ல மனிதர். ஆனால் நாலு பேர் சேர்ந்து நின்றாலே அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

தக்காளிக்காரம்மா நேராகத் தொலைக்காட்சி நிலையத்துக்கு வந்து, வெயிலில் வாசலிலேயே நின்றார். அக்கா சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்தபோது அந்த அம்மா சத்தம் போடவில்லை, சாபம் விடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏம்மா, நான் எதுக்குத் தலையாட்டினேன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்மா. டீக்கு."

"அது உனக்கும் எனக்கும்தான் தெரியும். ஊருக்கு யாரு சொல்றது?"

அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன் என்று அக்கா என்னிடம் சொன்னார். அடுத்த நிகழ்ச்சியில் ஒரு வரி திருத்தம் சொல்லும்படி தயாரிப்பாளரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார். தயாரிப்பாளர் கெட்டவர் இல்லை, பயந்தவர். மூன்று வினாடிக்கு மன்னிப்புக் கேட்டால் மூன்று வருஷத்துக்கும் கேட்கவேண்டிவரும் என்றாராம். அவர் சொன்னது சரிதான். அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் அக்கா என்னைக் கூப்பிட்டார். "சந்தை வரைக்கும் வாங்க சார். போன் பிடிக்க ஒரு ஆள் வேணும்." போனேன். கடைகளில் வியாபாரம் ஓய்ந்திருந்த நேரம். அக்கா நடுவில் நின்று, தான் யார், தன் வேலை என்ன, அந்தத் தலையாட்டல் எப்போது எடுத்தது என்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். பதினாறு வருஷமாக ஊரையே ஒத்துக்கொள்ள வைத்தவர் முதல் முறையாகத் தன் வாயால் பேசினார். ஒருவரும் நம்பவில்லை. இரண்டு பேரும் கூட்டுக் களவாணிகள் என்று ஒரு குரல் வந்தது. "கண்ணால பாத்ததை இல்லேன்னு சொல்றியா?" என்றார் சுமைதூக்கி. தக்காளிக்காரம்மா தன் கடையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். எனக்குப் போய்விடலாம் என்றிருந்தது.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலை மாற்றிக்கொண்டார். "சரி விடுங்க. வெயில் மண்டையைப் பிளக்குது. எல்லாரும் டீ குடிக்கிறீங்களா?"

கோபம் வேறு, டீ வேறு. இருபது முப்பது தலைகள் ஆடின. முதலில் ஆடியது சுமைதூக்கியின் தலை. சொல்லி வைத்தபடி நான் போனில் பிடித்துக்கொண்டேன்.

டீ வந்தது. எல்லோரும் குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா என் போனை வாங்கி, ஒலியை அடைத்துவிட்டு, சுமைதூக்கியின் முகத்துக்கு நேரே பிடித்தார். தன் போனில் நிபுணரின் பேச்சை ஓடவிட்டார். "அங்கே கடை வைத்திருப்பவர்களே உள்ளூர இதைத்தான் விரும்புகிறார்கள்" என்றது ஒரு போன். மற்றதில் சுமைதூக்கி ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். அவருக்குப் பின்னால் முட்டைக்கடைக்காரரும் ஆட்டினார். சந்தையே ஆட்டியது.

சுமைதூக்கியின் முகத்தில் ஈயாடவில்லை. "இன்னொரு வாட்டி போடு" என்றார். போட்டார். மூன்றாவது தடவையும் பார்த்தார். முட்டைக்கடைக்காரர்தான் முதலில் சிரித்தார். "அண்ணே, நீங்களே எங்களைக் காலி பண்ணச் சொல்லிட்டீங்களே." சிரிப்பு கடைக்குக் கடை பரவியது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"தலையும் நிஜம், பேச்சும் நிஜம்" என்றார். "ஒட்டுனதுதான் பொய். ஒட்டுறதுக்கு எடுத்துக் குடுத்தது நான்."

சுமைதூக்கி டீ கிளாஸை வைத்துவிட்டுத் தெருமுனைக்குப் போனார். அன்று காலையும் அங்கேயே இறக்கிவிட்டிருந்த இரண்டு தக்காளிப் பெட்டிகளையும் தோளில் ஏற்றிக்கொண்டு வந்து அந்த அம்மாவின் கடையில் இறக்கினார். விசாரணையில் பேச அந்த அம்மாவின் பெயரையே மறுபடி எழுதச் சொன்னதும் அவர்தான். முட்டைக்கடைக்காரருக்கு உயிர் வந்தது.

இரண்டு போன் வித்தையை யாரோ படம் எடுத்துப் பரப்பிவிட, நிலையம் அக்காவை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டது. அவர் இடத்தில் வந்தவர், கை தட்டுங்கள் என்று கத்தினாராம். ஒரு விருந்தினர் இறந்துபோன தன் மனைவியைப் பற்றிப் பேசும்போது கூட்டம் தட்டித் தொலைத்தது. மூன்றாவது வாரம் அக்காவுக்கு அழைப்பு வந்தது. ஒரு நிபந்தனையோடு போனார். இப்போது டீக் கேள்விக்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறார்: "நீங்க ஆட்டுற தலையை எங்க ஒட்டுவாங்கன்னு எனக்குத் தெரியாது. வேணாம்னா கையைத் தூக்குங்க, பின்வரிசைக்கு மாத்திடறேன்." எல்லோரும் தூக்கிவிடுவார்கள் என்று தயாரிப்பாளர் பயந்தார். தூக்குவது ஆறேழு பேர்தான். போன வாரம் பதினொன்று. மற்றவர்கள் ஆட்டுகிறார்கள், கொஞ்சம் யோசித்து ஆட்டுகிறார்கள். படத்துக்கு அதுதான் அழகாக இருக்கிறது என்று படத்தைத் தொகுக்கிறவரே சொன்னாராம்.

ஆனால் விசாரணை நடந்த நாளில் இது எதுவும் நிச்சயமில்லை. அக்கா வேலையில்லாமல்தான் இருந்தார். காலையில் தக்காளிக்காரம்மா அவரைப் பிடித்துக்கொண்டு, மண்டபத்தில் பின்னால் உட்கார்ந்து நாலு பேரைத் தட்டவைக்கும்படி கெஞ்சினார், தனக்குத் தைரியமாக இருக்கும் என்றார். அக்கா மாட்டேன் என்றுவிட்டார். "வர்றேன். தட்ட மாட்டேன், தட்ட வைக்கவும் மாட்டேன். இன்னிக்கு விழுற தட்டு உங்களோடதா இருக்கட்டும்மா."

மண்டபம் நிறைந்திருந்தது. அக்காவும் நானும் நடுவரிசையில். நிபுணர் வரைபடங்களோடு இருபது நிமிஷம் பேசினார், நன்றாகவே பேசினார். அடுத்து தக்காளிக்காரம்மா எழுந்தார். எழுதிக் கொண்டுவந்த தாளைத் திறந்தார், மடித்தார், மேஜைமேல் வைத்துவிட்டார். இரவு வேலை முடிந்து நேராக வரும் நர்ஸைப் பற்றிச் சொன்னார். தினம் ஒருவர் தடி ஊன்றி வந்து இரண்டே இரண்டு தக்காளி வாங்கி, கால் மணி நேரம் பேசிவிட்டுப் போவதைச் சொன்னார். "ரெண்டு தக்காளிக்காக யாருங்க பஸ் ஏறி ஊருக்கு வெளிய வருவாங்க? அவரு வரலேன்னா எனக்கு நஷ்டமில்ல. ஆனா அன்னிக்கு அவரு யாருகிட்ட பேசுவாரு?" மேலே ஏதோ சொல்ல வந்தார். கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

சத்தமே இல்லை. மின்விசிறி சுற்றுவது கேட்டது. விசாரணையை நடத்திய அதிகாரி பேனாவை மூடினார். பக்கத்தில் அக்காவின் இரண்டு கைகளும் தாமாகவே மடியிலிருந்து எழும்புவதைப் பார்த்தேன். பாதி தூரத்தில் அவர் அவற்றைப் பிடித்து இறக்கி, தொடைகளுக்கு அடியில் திணித்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார். நான் தட்டப் போனேன். என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு தட்டு விழுந்தது. காய்த்துப்போன கைகளின் கனமான தட்டு. திரும்பினால் சுமைதூக்கி நின்றுகொண்டிருந்தார். அடுத்தது முட்டைக்கடைக்காரர். பிறகு யார், எந்த வரிசை என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சுருக்கெழுத்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கூடப் பேனாவை வைத்துவிட்டுத் தட்டினாள். அதிகாரி சத்தம் அடங்கக் காத்திருந்து, முடிவெடுப்பதை நிறுத்தி வைப்பதாகவும், திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத் தானே சந்தைக்கு வருவதாகவும் சொன்னார். மறுபடி தட்டல் தொடங்கியது.

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணீர் வழிந்து முகவாயிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைப்பதற்குக்கூட அவர் கைகளை வெளியே எடுக்கவில்லை.