வலது பக்கத்து வரிசை

டேப்பு தன் வாழ்க்கையில் அடம்பிடித்து வாங்கியவை சில உண்டு. பஸ் பாடி கட்டும் பட்டறையில், ஆண்கள் மட்டுமே உட்கார்ந்து சீட் தைத்த இடத்தில் தனக்கென்று ஒரு தையல் மெஷின். அதே பட்டறையில் பெண்களுக்கென்று தாழ்ப்பாளோடு ஒரு கழிப்பறை. பிழைக்காது என்று டாக்டரே கைவிட்ட மூன்றாவது குழந்தை. வாடகை வீட்டின் சொந்தக்காரனிடம் சண்டை போட்டு, பின்சுவரில் ஒரு ஜன்னல். லாரி ஓட்டும் புருஷன் ஊரில் இருக்கும் நாட்களில் அடுப்படி அவனுடையது என்ற ஒப்பந்தம். கடைசியாக, பங்குச்சாமியிடமிருந்து ஒரு பாவமன்னிப்பு.

மற்ற எல்லாவற்றுக்கும் பட்ட பாட்டைக் கூட்டினாலும் இந்தக் கடைசி ஒன்றுக்குப் பட்ட பாட்டுக்கு ஈடாகாது என்பார் அவளுடைய அண்ணன். அதில் பாதிப் பாடு அவர் பட்டது.

அண்ணன் அந்தப் பங்குச்சாமி இருக்கும் கத்தோலிக்கக் கோவிலின் கோவில்பிள்ளை. மணி அடிப்பது, மெழுகுவர்த்தித் திரியைக் கத்தரிப்பது, பூசைக்கு அப்பம் எடுத்துவைப்பது, சாமியாருக்கு உடுப்பு எடுத்துக்கொடுப்பது எல்லாம் அவர் வேலை. பீடத்து விரிப்பு ஒரு பக்கம் ஒரு விரல்கடை இறங்கித் தொங்கினால்கூட அன்றைய பூசையில் அவருக்கு மனசு ஒட்டாது. தங்கைக்கு 'டேப்பு' என்று பெயர் வைத்ததும் அவர்தான். அளவு டேப்பைக் கழுத்தில் போட்டபடியே பட்டறையிலிருந்து நேராகக் கோவிலுக்கு வந்து நிற்பாள். ரெக்ஸின் பிசின் வாசனை அவளுக்கு முன்னால் வரும்.

சனிக்கிழமை சாயங்காலம் கோவிலில் பாவசங்கீர்த்தனம், கூண்டுக்குள் இருக்கும் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்குவது. கூண்டுகள் இரண்டு. இடதுபக்கக் கூண்டில் ஓய்வுபெற்ற பெரிய சாமி இருப்பார். காது மந்தம். எதைச் சொன்னாலும் "சரி சரி, மூணு அருள்நிறை மந்திரம் சொல்லு" என்று அனுப்பிவிடுவார். வலதுபக்கக் கூண்டில் பங்குச்சாமி. சின்ன வயசு, நிறையப் படித்தவர், கேள்வி கேட்பார். திருச்சபை பாவம் என்று விலக்கிய குடும்பக் கட்டுப்பாட்டைச் செய்துகொண்டவர்கள், மாத்திரை போடுகிறவர்கள், போட நினைக்கிறவர்கள் எல்லாரும் இடதுபக்கம். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பல் போன தாத்தாக்களும் வலதுபக்கம். இது கோவிலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், பங்குச்சாமி ஒருவரைத் தவிர. கோவில்பிள்ளை இடதுபக்கம் நாலு பெஞ்சும் வலதுபக்கம் ஒரு பெஞ்சும் போடுவார். பெரிய சாமிமேல் ஜனங்களுக்கு அவ்வளவு பாசம் என்று பங்குச்சாமி நினைத்துக்கொண்டிருந்தார்.

டேப்பு மட்டும் வாராவாரம் வலதுபக்கம் போய் நிற்பாள். நாலாவது பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. அவள் தங்கியதே பெரிசு. இன்னொன்று என்றால் ஆள் தேறமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன் செய்துகொண்டாள். அதிலிருந்து சனிக்கிழமை கூண்டுக்குள் போவாள், போன சுருக்கில் மன்னிப்பு இல்லாமல் வெளியே வருவாள், ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லாரும் நன்மை வாங்க, மந்திரித்த அப்பத்தை நாவில் ஏற்க, எழுந்து போகும்போது இவள் ஒருத்தி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு முன்னாலும் பின்னாலும் அதே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் கைகூப்பியபடி எழுந்து போவார்கள்.

"ஏன் டேப்பு, இடது பக்கம் போனா உனக்கு என்ன குறைஞ்சிடும்?" என்று கோவில் வாசலில் வைத்து அண்ணன் கேட்பார்.

"அவருக்குக் காது கேக்காதுண்ணா."

"அதுக்குத்தானே போகச் சொல்றேன்!"

"கேக்காத ஆள்கிட்ட சொல்றதுக்கு நான் வீட்டுச் சுவத்துகிட்டயே சொல்லிட்டுப் போறேன்."

அண்ணன் தலையில் அடித்துக்கொள்வார். அந்த வாசற்படியில் எத்தனை தடவை அடித்துக்கொண்டாரோ.

இப்படியே ஓடியிருக்கும். ஆனால் கல்யாணமாகி வெகுகாலம் கழித்து கோவில்பிள்ளைக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்தில் குழந்தையை ஏந்தி நிற்கும் ஞானத்தாய் யார் என்ற கேள்வியே எழவில்லை. கட்டிலை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் படுக்கவைத்த மாதங்களில், பட்டறை விட்டதும் வந்து அண்ணிக்குத் தலை வாரி, துணி அலசிப் போட்டுவிட்டுப் போனவள் டேப்புதான். "என் பொண்ணை உங்க தங்கச்சி கையிலதான் கொடுப்பேன். இல்லேன்னா ஞானஸ்நானமே இப்போ வேண்டாம்" என்று அவர் மனைவி சொல்லிவிட்டாள்.

பங்குச்சாமி சட்டப்படி கேட்டார். "ஞானத்தாய் நன்மை வாங்கறவங்களா இருக்கணும். உன் தங்கச்சி வாங்கறதில்லையே. ஏன்னு நான் கேக்கக் கூடாது, கூண்டு விஷயம் கூண்டோட. அவங்களாவே சொன்னாத்தான் பேச முடியும். கூட்டிட்டு வா."

ஆபீஸ் அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் சாமியார். இந்தப் பக்கம் டேப்பு. கதவோரம் அண்ணன். அவள் சுற்றி வளைக்கவில்லை. ஆபரேஷன், டாக்டர் சொன்னது, எல்லாம் போட்டு உடைத்தாள்.

"நாள் பார்த்து இருந்திருக்கலாமேம்மா. அதுக்குத் திருச்சபை வழி வச்சிருக்கே," என்றார் சாமியார்.

"லாரி வர்ற நாளைப் பாக்கறதா சாமி, நீங்க சொல்ற நாளைப் பாக்கறதா?"

அண்ணனுக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது.

சாமியார் கோபப்படவில்லை. "நீ பண்ணது தப்பும்மா. மனஸ்தாபப்பட்டு வருந்தறேன்னு ஒரு வார்த்தை சொல்லு, முடிஞ்சது."

"பண்றதுக்கு முன்னாடி பீடத்துக்கு எதிர்ல உக்காந்து ஆண்டவர்கிட்ட கேட்டேன் சாமி. அழுதேன். அப்புறம்தான் போனேன். தப்புன்னு மனசு சொல்லலை."

"மனசாட்சி வழி தவறும். அதைத் திருத்தத்தான் திருச்சபை இருக்கு."

"திருத்துங்க, வேண்டாம்னு சொல்லலை. ஆனா திருந்தறதுக்கு முன்னாடியே திருந்திட்டேன்னு பொய் சொல்லச் சொல்றீங்களே. அதுவும் கூண்டுக்குள்ள!"

அவள் போனபின் சாமியார் சோர்ந்து உட்கார்ந்தார். "இதைப்பத்திப் போன மாசம் ஒரு பிரசங்கமே வச்சேன். கோவிலே தலையாட்டுச்சு. என் முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொன்னது உன் தங்கச்சி ஒருத்திதான்பா. வேற ஞானத்தாயைப் பாரு."

கோவில்பிள்ளை நாலு பெஞ்சை நினைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தால் ஒரு பக்கம் குழந்தையை இறுக்கிக்கொண்டு மனைவி, இன்னொரு பக்கம் தங்கை.

"ஒரே ஒரு வார்த்தை டேப்பு! எனக்காகச் சொல்லக் கூடாதா? என் பொண்ணுக்காக?"

"உன் பொண்ணுக்கு ஞானத்தாயா நிக்கணும்னா பொய் சொல்லிட்டு வந்து நிக்கறதா? வளர்ந்தப்புறம் அவளுக்கு நான் என்னத்தைச் சொல்லிக்கொடுக்க?"

"நீ ஒண்ணும் சொல்லிக்கொடுக்க வேண்டாம் தாயே, வந்து நின்னா போதும்!"

அந்த வாரக் கடைசியில் பெரிய சாமியைக் கண்ணில் புரை எடுக்க ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சனிக்கிழமை இடதுபக்கக் கூண்டு பூட்டிக் கிடந்தது. கோவில்பிள்ளை பழக்கத்தில் நாலு பெஞ்சையும் போட்டுவிட்டார். ஜனங்கள் வந்து உட்கார்ந்தார்கள், பூட்டைப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்திக்கு அடுப்பில் பால் வைத்தது நினைவுக்கு வந்தது. ஒருத்தருக்குச் சைக்கிளைப் பூட்டாதது நினைவுக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் பெஞ்சுகள் காலி. வலதுபக்கம் பிள்ளைகளுக்கும் தாத்தாக்களுக்கும் பின்னால் டேப்பு நின்றாள், உள்ளே போனாள், வழக்கம்போலச் சுருக்கில் வெளியே வந்தாள்.

முதல் நாள் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நன்மை வாங்கிப் பழக்கமில்லாத ஜனம் அது. ஞாயிற்றுக்கிழமை பங்குச்சாமி அப்பப் பாத்திரத்தோடு பீடத்தை விட்டு இறங்கி வந்து நின்றார். பிள்ளைகள் வந்தார்கள். தாத்தாக்கள் வந்தார்கள். அப்புறம் யாரும் வரவில்லை. பாடுகிறவர்கள் பாட்டை இரண்டாம் தடவை ஆரம்பித்தார்கள். கோவில் நிறைய ஆட்கள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டேப்பு ஒரு தடவை மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். தூணோரம் நின்ற அண்ணனிடம் கிசுகிசுத்தாள்: "இன்னிக்குத்தாண்ணா எனக்குத் துணைக்கு ஆள் இருக்கு."

"வாயை மூடு," என்றார் அண்ணன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதில் எரிச்சல் இன்னும் கூடியது.

பூசை முடிந்து உடுப்பு மாற்றும் அறையில் சாமியார் கேட்டார். "ஏன்பா இவ்வளவு அப்பம் மிச்சம்? ஜனங்களுக்கு என்ன ஆச்சு?"

"பெரிய சாமிக்குக் கண் ஆபரேஷன்."

"அவர் கண்ணுக்கும் இவங்க நன்மை வாங்கறதுக்கும் என்ன சம்பந்தம்?"

அத்தனை நாள் அடக்கிவைத்தது அங்கே வெடித்தது. "சாமி, நேத்து உங்க கூண்டு திறந்துதான் இருந்துச்சு. எதிர்ல நாலு பெஞ்சு ஜனம் உக்காந்திருந்துச்சு. உங்ககிட்ட வர்றதுக்குப் பதிலா எழுந்து வீட்டுக்குப் போயிடுச்சு. ஏன்னு அவங்களைக் கேளுங்க, என்னைக் கேக்காதீங்க. வந்தவ ஒருத்திதான். அவளைத்தான் நீங்க தள்ளி வச்சிருக்கீங்க!"

பாதி கழற்றிய உடுப்போடு சாமியார் நாற்காலியில் உட்கார்ந்தார். "அவ்வளவு பேரா?"

"யாரு என்ன பண்றாங்கன்னு எனக்குத் தெரியாது சாமி. நான் பெஞ்சுதான் போடறேன்."

"அப்போ நான் சொல்றது தப்புங்கறியா?"

"அதெல்லாம் என் படிப்புக்கு எட்டாது. நீங்க சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டு, முடியலைன்னு உங்ககிட்டயே வந்து சொன்னவ அவ. மத்தவங்க தலையாட்டிட்டுப் போயிட்டாங்க. எதை நீங்க மரியாதைன்னு எடுத்துக்குவீங்களோ, எடுத்துக்குங்க."

சொன்ன பிறகுதான் வேலை போய்விடுமோ என்ற பயம் வந்தது. சாமியார் உடுப்பைத் தானே மடித்துவைத்தார், கோணலாக. கோவில்பிள்ளை பிறகு பிரித்து மடித்தார்.

அடுத்த சனிக்கிழமையும் பெரிய சாமி வரவில்லை. டேப்பு வலதுபக்கக் கூண்டுக்குள் போனாள், வெளியே வரவே இல்லை. அண்ணன் அதே மெழுகுவர்த்தித் திரியைத் திரும்பத் திரும்பக் கத்தரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் வந்தவள் முன்பெஞ்சில் முழங்காலிட்டாள். அவள் எழுந்து வரும்வரை அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன அபராதம்?"

"முழு ஜெபமாலை. பட்டறைப் போர்மேனைத் திட்டினதுக்கு."

"அந்த விஷயம்?"

"அது தப்புன்னுதான் இன்னும் சொல்றாரு. நான் இல்லைன்னுதான் சொல்றேன். 'உன் மனசுக்குப் பாவம்னு பட்டதுக்கு மன்னிப்புக் கொடுக்கறேன். இதைப்பத்தி ஆண்டவர்கிட்ட நீயும் பேசு, நானும் பேசறேன்'னாரு. நாளைக்கு நன்மை வாங்கறேன். ஞானஸ்நானத்துக்கும் வந்து நிக்கலாமாம்."

"இதை முதல் நாளே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா அவரு!"

"என்னைத் திட்டறியா, அவரைத் திட்டறியா?"

"ரெண்டு பேரையும்தான்!"

மறுநாள் டேப்பு நன்மை வாங்கினாள். பூசைக்குப் பின் ஞானஸ்நானம். தலையில் தண்ணீர் விழுந்ததும் குழந்தை வீறிட ஆரம்பித்தது, நிறுத்தவே இல்லை. ஞானஸ்நானப் பதிவேட்டைச் சாமியார் விரித்துவைக்க, அண்ணன் மைப்பெட்டியை எடுத்து நீட்டினார். பட்டறைச் சம்பளத்துக்கும் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரியிலும் அவள் கைநாட்டுத்தான் வைத்திருந்தாள்.

"அது வேண்டாம். பேனாவைக் கொடு."

"பேனாவா? உனக்கு எதுக்கு?"

"ஊசி குத்திக் குத்திக் கட்டைவிரல்ல ரேகையே இல்லைண்ணா. பெரியவ கத்துக்கொடுத்திருக்கா."

மூத்த மகள் எழுதிக்காட்ட, ரெக்ஸின் துண்டுகளில் அளவுச் சாக்பீஸால் எழுதி எழுதிப் பழகியிருக்கிறாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. குழந்தையை அண்ணியிடம் கொடுத்துவிட்டு, சீட்டுக்குத் தையல் கோடு போடுகிறவள்போலக் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக இழுத்தாள். குழந்தை கத்துகிறது. அடுத்த ஞானஸ்நானத்துக்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள். சாமியார் ஈரக் கையோடு நிற்கிறார்.

"சீக்கிரம் டேப்பு, உயிரை வாங்காதே!"

"பேசாம இருண்ணா, கோடு கோணிடும்."

கோணத்தான் செய்தது. கடைசி எழுத்து கோட்டை விட்டு இறங்கி அடுத்த கட்டத்துக்குள் போய் நின்றது. ஞானத்தாய் என்ற இடத்துக்கு நேராக அவள் முதன்முதலில் தன் பெயரை எழுதிய அந்த நாள் 1987 ஆகஸ்ட் 23, ஞாயிற்றுக்கிழமை.