எண் இல்லாத சட்டைகள்

நோலா மக்ரேவுக்கு ஜனவரி என்றாலே பயம். ஆஸ்திரேலியாவின் நடுக்கோடை, மெல்பர்ன் பக்கத்து எல்ட்ரிஜ் ஜனங்கள் எல்லாரும் கடற்கரையில் முதுகைக் காயப்போட்டுக் கிடக்கிற மாதம் அது. அப்போது ஒரு தொப்பி, ஒரு ஃபிளாஸ்க் டீ, ஒரு பைனாகுலர் சகிதம் ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்து மைதானத்தின் வேலியைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள் என்றால் அது நோலாதான். சீசன் தொடங்கிவிட்டால் அவளுக்குப் பயம் இல்லை. ஜெயித்தால் கத்தலாம், தோற்றால் திட்டலாம். சீசனுக்கு முந்தைய இந்தப் பயிற்சிதான் அவளைக் கொல்லும். ஒரு முழங்கால் திரும்பினால் போதும், ஒரு வருஷம் போச்சு. போன கோடையில் கேப்டனின் முழங்கால் சவ்வு அறுந்த சத்தம் வேலி வரைக்கும் கேட்டது. அன்றிலிருந்து யாராவது காய்ந்த குச்சியை மிதித்தால்கூட அவளுக்குத் தூக்கிவாரிப்போடும்.

பயப்படுவதுதான் அவளுடைய தொழிலும். தொடக்கப் பள்ளி வாசலில் 'நில்' பலகையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளைச் சாலையைக் கடக்கவைக்கிறவள் அவள். எந்தக் காரும் நிற்காது என்ற நினைப்போடுதான் ஒவ்வொரு தடவையும் தெருவில் இறங்குவாள். அதனால்தான் அவள் கையில் இதுவரை ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷனைப் பிரிஸ்பேனுக்கு வழியனுப்பிவிட்டாள். அவன் ரக்பி பார்க்கிறவன், அதுதான் காரணம் என்று வேலியோர நண்பர், கிரேக்கக் குடும்பத்து ஸ்டாவ் சொல்வார். நோலா அதை மறுத்ததில்லை.

பள்ளிக்கு விடுமுறை விட்டதும் அவளுக்கு இரண்டாவது வேலை ஆரம்பமாகிவிடும். ஊர் அணியான நீர்க்காகங்கள் கழகத்தின் ரசிகர் இணையப் பக்கத்தில் 'வேலிக்காரி' என்ற பெயரில் பயிற்சியைப் பற்றி எழுதுவாள். பயந்த மனுஷிக்கு எழுதும்போது மட்டும் எங்கிருந்து அந்த நாக்கு வருமோ தெரியாது. "புதுக் கோச்சுக்குப் பந்தைக் கையால் தட்டிக்கொடுக்கிற ஆட்டத்தின் மேல் மோகம். மழை வரட்டும், சேற்றில் அது தெளியும்." "முன்வரிசையில் உயரமான ஆளே இல்லை. பந்தை வானத்துக்கு உதைத்துவிட்டு யாரைப் பிடிக்கச் சொல்வார்கள், கடற்புறாவையா?" இப்படி. மெல்பர்னின் மேற்குப் பகுதியில் பாதிப் பேர் காலைக் காப்பியோடு அதைத்தான் படித்தார்கள்.

பயிற்சிச் சட்டைகளில் எண் கிடையாது. எல்லாருக்கும் ஒரே கருப்பு. யார் யார் என்று நடையை வைத்து, முடியை வைத்து, ஷூவை வைத்து வேலியோரக்காரர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதில் நோலாவை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று ஊரே சொன்னது. அவளும் அப்படித்தான் நம்பினாள்.

கிறிஸ்துமஸ் விடுப்பு முடிந்து பையன்கள் திரும்பிய முதல் நாள், வழக்கம்போல் இரண்டு கிலோமீட்டர் ஓட்டம் வைத்தார்கள். விடுப்பில் யார் உடம்பை வளர்த்தான், யார் ஏய்த்தான் என்று காட்டிக்கொடுக்கிற ஓட்டம் அது. வடக்கிலிருந்து அனல்காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. மைதானத்தின் அந்தக் கோடியில் வெள்ளைத் தொப்பியும் ஆரஞ்சு ஷூவுமாக ஒருவன் பின்தங்கினான். ஆரஞ்சு ஷூ என்றால் ரீஸ் கின்னேன். தூரத்து மல்லி வட்டாரத்துக் கோதுமைப் பண்ணையிலிருந்து வந்த பையன், அணியில் இரண்டாம் வருஷம். மற்றவர்கள் அந்த நிறத்தைப் போட வெட்கப்படுவார்கள்.

அன்று வேலிக்காரி எழுதினாள்: "ரீஸ் கின்னேன் கிறிஸ்துமஸ் புட்டிங்கை இன்னும் வயிற்றிலிருந்து இறக்கவில்லை. கடைசிச் சுற்றில் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு தேசிய கீதம் பாடுகிறவனைப் போல் நின்றான். பாடி முடித்துவிட்டு நடந்தே வந்தான். இவனை முதல் ஆட்டத்தில் இறக்கினால் என் ஸ்கார்ஃபை நானே தின்கிறேன்."

மறுநாள் ரேடியோவில் அதைப் படித்துச் சிரித்தார்கள். ரீஸுக்கு 'புட்டிங்' என்றே பெயர் விழுந்துவிட்டது. ரொட்டிக் கடைக்காரர் ஜன்னலில் ஒரு புட்டிங்கை வைத்து அதன் மேல் ஆரஞ்சு ரிப்பன் கட்டினார். முதல் இரண்டு நாள் நோலாவுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாம் நாள் பயம் வந்தது. பத்தொன்பது வயசுப் பையன். ஊர் சிரிக்கிற சிரிப்பு அவனை என்ன செய்யும்? எழுதியதை அழித்துவிடலாம் என்று பார்த்தாள். அது ஏற்கெனவே ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது.

மாதக் கடைசியில் அதே ஓட்டத்தை மறுபடி வைத்தார்கள். அன்று காலை நோலா வேலிக்கு வந்ததுமே ஸ்டாவ் அவள் காதருகில் குனிந்தார்.

"நோலா, இப்படியே திரும்பி வீட்டுக்குப் போயிடு. ஒரு பொம்பள வந்து வேலிக்காரி யாரு, யாருன்னு ஆள் ஆளாப் பிடிச்சு விசாரிச்சுக்கிட்டிருக்கா. புட்டிங்கோட அம்மாவாம்."

"ஐயய்யோ. நீ சொல்லிட்டியா?"

"நானா? எனக்கு இங்கிலீஷே தெரியாதுன்னுட்டேன். கிரேக்கத்துல நாலு வார்த்தை விட்டேன் பாரு, ஓடிட்டா."

"ஸ்டாவ், நீ பொறந்ததே இந்த ஊர் ஆஸ்பத்திரியிலதானேய்யா!"

"அது அவளுக்குத் தெரியுமா?"

நோலா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஆனால் அதற்குள் பையன்கள் கோட்டில் வரிசையாக நின்றுவிட்டார்கள். ஓட்டம் தொடங்கப்போகிறது. அதைப் பார்க்காமல் போக அவளுக்குக் கால் வரவில்லை. அந்தத் தாமதத்தில் மாட்டிக்கொண்டாள். வெயிலில் கருத்த முகமும் முழங்கை வரை மடித்த சட்டையுமாக ஒரு பெண் அவள் எதிரே வந்து நின்றாள்.

"நீங்கதானே வேலிக்காரி? அந்த பைனாகுலரப் பாத்தே தெரியுது."

அறை விழும் என்று நோலா கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டுதான், "ஆமா" என்றாள். ஸ்டாவ் ஆகாயத்தில் எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"எந்தக் கை?" என்றாள் அந்தப் பெண்.

"என்னது?"

"நெஞ்சுல கை வச்சான்னு எழுதியிருந்தீங்களே. எந்தக் கை? எவ்வளவு நேரம் நின்னான்? மூஞ்சி வெளுத்துப்போச்சா?"

அந்தப் பெண் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"என் பேரு ஜூடித். என் தம்பி இருபத்திரெண்டு வயசுல எங்க ஊர் மைதானத்துல ஓடிக்கிட்டிருக்கறப்பவே விழுந்தான். எந்திரிக்கவே இல்ல. அதுக்கு முந்தின வாரம் இதே மாதிரிதான் நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு நின்னான். நாங்க எல்லாரும் சிரிச்சோம். மொதல்ல சிரிச்சது நான்தான்." மூச்சு விட்டுத் தொடர்ந்தாள். "நீங்க எழுதினத நேத்துதான் ஒருத்தங்க காட்டினாங்க. ராத்திரியே காரெடுத்துட்டேன். இவன்கிட்ட கேட்டா, அது நான் இல்லம்மாங்கறான். டீம்ல எடம் போயிடும்னு மறைக்கிறான். நீங்க கண்ணால பாத்தீங்கல்ல? அவங்க டாக்டர்கிட்ட வந்து சொல்லுங்க. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

அறை வாங்கியிருந்தால் நோலாவுக்கு இதைவிடத் தேவலையாக இருந்திருக்கும். ஒருவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றதை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு வேடிக்கை எழுதினாள்.

"வலது கை," என்றாள். "நல்லா ஒரு நிமிஷம் நின்னான். குனிஞ்சான். மூஞ்சி தெரியல. அந்தக் கோடியில நின்னான்."

"மூஞ்சி தெரியலையா? அப்ப அவன்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

"எனக்குத் தெரியும்மா. நடைய வச்சே ஒவ்வொருத்தனையும் சொல்லிடுவேன். அதோட அந்த ஆரஞ்சு ஷூ..."

"அம்மா!"

உடைமாற்றும் அறையிலிருந்து தொடையில் கட்டோடு ரீஸ் நொண்டிக்கொண்டு வந்தான். "சொன்னாக் கேக்க மாட்டியா? இதுக்காகவா அவ்வளவு தூரம் ஓட்டிட்டு வந்தே? அன்னிக்கு நான் ஓடவே இல்லம்மா. சொன்னா ஒருத்தரும் நம்பல. தொடை பிடிச்சிருந்துச்சு, உள்ள உக்காந்து சைக்கிள் மிதிச்சிட்டிருந்தேன். கோச்சுகிட்ட வேணும்னாலும் கேளு. இன்னிக்கும் ஓடல, பாரு."

ஜூடித் மகனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு வேலிக்கு மேலாகவே அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், முதுகில் ரெண்டு வைத்தாள். ஸ்டாவுக்குத் திடீரென்று இங்கிலீஷ் வந்துவிட்டது.

"ஆஹா, வேலிக்காரி! நடைய வச்சே சொல்லுவாளாம், நடைய வச்சு! எடு ஸ்கார்ஃப. உப்பு வேணுமா, வினிகர் வேணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நோலா சிரிக்கவில்லை.

"ரீஸ், அந்த ஆரஞ்சு ஷூ?"

"அதுவா, புதுசா வந்திருக்கானே ஹியூகோ, அவன்கிட்ட இருக்கு. அவன் ஷூ இன்னும் வந்து சேரல. அன்னிக்கு என்னோட இன்னொரு ஜோடியக் குடுத்தேன். திருப்பித் தர மனசில்ல போல, இன்னிக்கும் அதத்தான் மாட்டிக்கிட்டு ஓடறான்."

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றது யார் என்று அந்தச் சிரிப்பில் யாரும் கேட்கவில்லை. நோலா திரும்பினாள். பையன்கள் கடைசிச் சுற்றில் இருந்தார்கள். எல்லாருக்கும் பின்னால், அந்தக் கோடி வளைவில், ஆரஞ்சு ஷூ தள்ளாடி வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஓடிய உதவிப் பயிற்சியாளர் கைதட்டி அவனை விரட்டிக்கொண்டிருந்தார். "விடாதே! விடாதே! இன்னும் கொஞ்சம்தான்!"

"நிறுத்துங்க!" என்று நோலா கத்தினாள். காற்று அதைக் கடல் பக்கம் கொண்டுபோய்விட்டது.

பள்ளி வாசலில் பந்துக்குப் பின்னால் ஓடுகிற பிள்ளையைப் பார்க்கும்போது வருகிற அதே பயம் அவளுக்கு. சாவிக்கொத்தில் அவளுடைய சாலை விசில் தொங்கியது. எடுத்து ஊதினாள். உயிர் இருக்கிற மட்டும் ஊதினாள்.

விசில் கேட்டால் நிற்க வேண்டும் என்று அந்தப் பையன்கள் ஆறு வயசிலிருந்து பழகியவர்கள். அத்தனை பேரும் நின்றார்கள். கோச் தன் கழுத்தில் தொங்கிய விசிலைக் குனிந்து பார்த்தார். நோலா சின்னக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டாள். ஒரு கையை உயரத் தூக்கி, சாலையில் லாரியை மறிப்பதுபோல் புல்லில் நடந்தாள். நடை ஓட்டமானது.

"ஏம்மா, உள்ள வரக்கூடாதும்மா! என்னம்மா நீங்க!" என்று ஒருவர் குறுக்கே வந்தார். அவரைத் தள்ளிவிட்டுப் போனாள். அவள் வாழ்நாளில் ஒரு மனுஷனைத் தள்ளியது அன்றுதான்.

ஹியூகோ மண்டியிட்டிருந்தான். வலது கை நெஞ்சில் இருந்தது. உதடு சாம்பல் நிறமாகியிருந்தது. அவளைப் பார்த்ததும் மெதுவாகக் கெஞ்சினான்.

"ஒண்ணுமில்ல, மூச்சு வாங்குது, அவ்வளவுதான். கோச்சுகிட்ட சொல்லிடாதீங்க. என்னைச் சேத்து ரெண்டு மாசந்தான் ஆகுது."

டாக்டர் பெட்டியோடு ஓடிவந்தார். நோலா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர், இது ரெண்டாவது தடவை. கிறிஸ்துமஸ் முடிஞ்சு ஓடுனப்பவும் இதே எடத்துல, இதே மாதிரி நின்னான். நான் பாத்தேன். சத்தியமாப் பாத்தேன்."

"என் தம்பியும் ஒண்ணுமில்லன்னுதான் சொன்னான்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. ஜூடித்தும் வேலி தாண்டி வந்திருந்தாள். டாக்டர் பையனைப் படுக்கவைத்து, சட்டையைக் கத்தரித்து, ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிக் கையைக் காட்டினார். ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் நோலா அந்தப் பையனின் காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்திருந்தாள். ஆரஞ்சு ஷூ அவள் மடியில் இருந்தது. அதைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

பிறவியிலேயே தடித்துப்போன இதயம் என்று பிறகு சொன்னார்கள். நெஞ்சுத் தோலுக்கடியில் ஒரு சின்னக் கருவியை வைத்தார்கள். உயிருக்குப் பயமில்லை, ஆனால் ஃபுட்டி இனி இல்லை. பதினெட்டு வயசில் ஹியூகோ அதைக் கேட்டுக்கொண்டான். நோலாவை எல்லாரும் புகழ்ந்தார்கள். புகழ்கிறவர்களைக் கண்டால் அவள் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவாள். வேலிக்காரி அதற்கப்புறம் ஒரு வரி எழுதவில்லை.

மார்ச்சில் முதல் ஆட்டத்துக்கு முந்தின பயிற்சி. நோலாவும் ஸ்டாவும் வேலியோரம் நின்றார்கள். உயரமான பையன் ஒருவன் சாதாரண உடையில் வந்து பக்கத்தில் நின்றான். ஸ்டாவ் தன் டப்பாவிலிருந்து ஆலிவ் எடுத்து நீட்டினார். அவன் இரண்டு எடுத்துக்கொண்டான்.

"இங்கேருந்து பாத்தா எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியுறாங்க, இல்ல?" என்றான் ஹியூகோ.

"ஆமாப்பா," என்றாள் நோலா. "ஒண்ணும் தெரியாது."

ஹியூகோ வேலியில் சாய்ந்துகொண்டான். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். என்னைச் சேத்த நாள்லேருந்து எங்கம்மா வேலிக்காரி பக்கத்தத் தினமும் பாப்பாங்க, எம் பேரு வந்திருக்கான்னு. ஒருநாளும் வரல. நான் அவ்வளவு மோசமாவா ஆடினேன்?"

நோலா பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் அவன் அவள் கண்ணைப் பார்த்துவிடுவான்.

"எழுதினேன்பா," என்றாள். "ஒருநாள் உன்னப் பத்தி மட்டுந்தான் எழுதினேன். ஊரே படிச்சுச் சிரிச்சுது."