இஸ்திரி போட்ட ராஜா நோட்டு

தெருவில் அவளுக்குப் பெயர் பளபளா. சலவைக்கடைக்காரி. கறை என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் போதும், சோறு இறங்காது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் சட்டைக் காலரைப் பார்த்து அவள் விட்ட பெருமூச்சில் மனிதர் எழுந்து வேறு இடம் தேடிப் போயிருக்கிறார்.

அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. செத்துப்போன அப்பாவின் பெட்டியைக் குடைந்ததில் வெள்ளைக்காரன் காலத்து நோட்டு ஒன்று கிடைத்திருந்தது. துறைமுகத்தில் நீச்சல் பந்தயத்தில் ஜெயித்ததற்குத் துரை தன் கையால் கொடுத்தது என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாரே, அதேதான். அண்ணன் மட்டும் நம்பவே இல்லை. நோட்டும் டூப்பு, கதையும் டூப்பு என்பான். அப்பா ஒரு புளுகு மூட்டை என்று கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் சொன்னவன். அவளுக்கு அது ஆறவே இல்லை. அதனால்தான் அவனையும் கையோடு இழுத்துக்கொண்டு பழைய காசு, நோட்டு வாங்கும் கடைக்குப் போனாள். வாயெல்லாம் பல்.

கடைக்காரர் நோட்டை ஊதா விளக்கின் கீழே வைத்தார். நோட்டு நீலமாக ஒளிவிட்டது.

"பழைய தாள் இப்படி மின்னாதும்மா. இது போலி."

"நான்தான் அப்பவே சொன்னேனே," என்றான் அண்ணன்.

அவளுக்கு அழுகை முட்டியது. கைக்குட்டையை எடுத்தாள். விளக்கை அணைக்கப் போன கடைக்காரரின் கை நின்றது. கைக்குட்டையும் அதே நீலத்தில் ஜொலித்துக்கொண்டிருந்தது.

"ஏம்மா, இந்த நோட்ட என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணுவாங்க? ஒரே அழுக்கு. உங்க கடைக்கு அப்படியே எடுத்துட்டு வரமுடியுமா? சோப்புத்தூள்ல ஊறவச்சு, அலசி, லேசா கஞ்சி போட்டு, பதமா இஸ்திரி போட்டேன்."

கடைக்காரர் தலையில் கைவைத்தார். அப்புறம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மின்னியது தாள் இல்லை, கைக்குட்டையில் இருந்த அதே சோப்புத்தூள். நோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தாளுக்குள்ளிருந்து கிரீடம் வைத்த ராஜா தலை மங்கலாக எட்டிப் பார்த்தது. பூதக்கண்ணாடியில் ஒவ்வொரு கோடாகப் பார்த்தார்.

"அசல்தான். அழுக்கோட கொண்டு வந்திருந்தா நல்ல விலை போயிருக்கும். இப்ப கால்வாசிகூடத் தேறாது."

"விக்கிறதுக்கு யாரு வந்தா?" என்றாள். சிரித்த சிரிப்பில் அவளுக்கு விக்கலே வந்துவிட்டது. படியிறங்கித் தெருவுக்கு வந்தும் நிற்கவில்லை.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. நோட்டை விரல்நுனியில் பிடித்தபடி கூடவே நடந்தான்.

"அந்தப் பந்தயக் கதைய முழுசா சொல்லேன்," என்றான். "அப்பா ஆரம்பிச்சாலே நான் எழுந்து போயிடுவேன். ரெண்டாவதா வந்தது யாருன்னுகூட எனக்குத் தெரியாது."