ஒரு மிஸ்ஸுக்கு ஒரு பாடம்

என் மகள் அப்போது நாலாம் வகுப்பு. காலாண்டுத் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் அவளுடைய வரலாற்று நோட்டைத் திறந்து பார்த்தேன். சேரர் கொடியில் புலி வரைந்து வைத்திருந்தாள். உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க எனக்குப் பொறுமை இல்லை. நந்தனத்தில் வேலை, மயிலாப்பூரில் வீடு, வந்ததும் அடுப்படி. ஆன்லைனில் டியூஷன் தேடினேன்.

ஒரு தளத்தில் நிறைய டீச்சர்கள் இருந்தார்கள். எல்லாரிடமும் முதல் வகுப்பு இலவசம். முதலில் வந்த டீச்சர் சேரர் பாடத்தை அருமையாக நடத்தினார். சேர்த்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அன்றிரவே வேறு யோசனை வந்தது. பாக்கி மூன்று பாடம்தானே, மூன்று டீச்சர்கள் போதுமே! அடுத்தவரிடம், "குழந்தைக்குப் பிடிச்சுதுன்னா கண்டிப்பா சேர்ந்துடறோம், சோழர் பாடம் எடுத்துக் காட்டுங்க" என்றேன். அதற்கடுத்தவரிடம் பாண்டியர். கையில் பணம் இல்லாமல் இல்லை. சாமர்த்தியமாக இருந்தது, அவ்வளவுதான். அலுவலகத் தோழியிடம் சொன்னபோது, "பலே ஆளுப்பா நீ!" என்று சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

நாலாவதாகப் பல்லவர் பாடத்துக்கு வந்தவள் சின்னப் பெண். பட்டினப்பாக்கத்திலிருந்து பேசுவதாகச் சொன்னாள். எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். கேமராவில் தெரியாத இடத்தில் உட்கார்ந்து நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் கையில் ஒரு சோப்புக் கட்டியும் சின்னக் கத்தியும் இருந்தன.

"மாமல்லபுரத்து ரதத்தை ஒரே பாறையில செஞ்சாங்க கண்ணு. மேலேருந்து கீழே செதுக்கிக்கினே வரணும். உடைஞ்சா ஒட்ட முடியாது. நீயும் ஒரு சோப்பு எடுத்துட்டு வா."

மகள் ஓடிப்போய்ப் புது சோப்பைப் பிரித்துக்கொண்டு வந்தாள். ஸ்பூனால் சுரண்டத் தொடங்கியவள், உற்சாகத்தில் கேட்டாள்:

"மிஸ், நீங்களும் ஒரு நாள் மட்டும்தானா?"

"இன்னா சொன்னே?"

"அம்மா சொன்னாங்க. ஒரு மிஸ்ஸுக்கு ஒரு பாடம். அப்புறம் வேற மிஸ்."

என் கை நின்றுவிட்டது. அந்தப் பெண் தன் சோப்புக் கட்டியைத் திருப்பிப் பிடித்தாள். பிறகு, "அப்படின்னா இன்னிக்கே நல்லா கத்துக்கலாம், வா" என்றாள். வகுப்பு நேரம் முடிந்த பிறகும் ரதத்தின் கூரை முடியும்வரை கூடவே இருந்தாள். கடைசியில், "அம்மா இருக்காங்களாடா?" என்று கேட்டாள்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் தலையை அசைக்கக்கூட இல்லை.

"இல்ல மிஸ், வெளிய போயிருக்காங்க."

மடிக்கணினியை மூடியதும் அவள்மேல் பாய்ந்தேன். "அதையெல்லாம் மிஸ்கிட்ட எதுக்குடி சொன்னே? அறிவிருக்கா?" அவள் கண் நிறைந்துவிட்டது. சோப்புத்தூள் ஒட்டிய கையாலேயே துடைத்துக்கொண்டு கேட்டாள்: "ஆனா நீ வெளிய போயிட்டேன்னு சொன்னேனே, அது கரெக்ட்தானேம்மா?"

எட்டு வயதுக் குழந்தை. பொய் சொல்லிவிட்டு, அதற்கு என்னிடம் மார்க் கேட்டது. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பீன்ஸை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் மதிய இடைவேளையில் அந்தப் பெண்ணுக்கு போன் செய்தேன். ஒவ்வொரு டீச்சராக மாற்றியதைச் சொன்னேன். "நேத்து நான் வீட்லதாங்க இருந்தேன்" என்றும் சொன்னேன்.

"தெரியும் மேடம். காய் வெட்டற சத்தம் கேட்டுக்கினே இருந்துச்சு. நடுவுல நின்னுடுச்சு."

மன்னிப்புக் கேட்டேன். வகுப்பில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் நேரம் இருக்கிறது என்றாள். வைக்கப்போகும் நேரத்தில், "குழந்தையை ஒண்ணும் திட்டலையே மேடம்?" என்று கேட்டாள்.

"சேச்சே, இல்லைங்க" என்றேன்.

இப்போது மகள் ஐந்தாம் வகுப்பு. வரலாறு என்றால் முதல் ஆளாகப் புத்தகத்தை எடுக்கிறாள். டீச்சர் அவளோடு சிரித்துச் சிரித்துப் பேசுகிறாள். என்னிடம் மரியாதையாக, அளந்து, இரண்டு வார்த்தை. மற்றதையெல்லாம் அவளிடம் ஒப்புக்கொண்ட நான், குழந்தையைத் திட்டி அழவைத்ததை மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.