பாதி மொட்டை

ஜப்பான்காரன் காலத்தில், வீட்டில் தினமும் மரவள்ளிக்கிழங்குதான் என்று கோபித்துக்கொண்டு சயாம் ரயில்பாதை வேலைக்கு ஓடக் கிளம்பிய அறிவாளி நான். லோரி ஏறுமுன் முடி வெட்டிக்கொள்ள வேண்டுமென்று வேறு ஆசை. கூட ஓடிவந்த பக்கத்து வீட்டு நண்பனைத் தள்ளிவிட்டு, சூலியா தெரு முடிவெட்டும் கடையில் நான் முந்தி உட்கார்ந்தேன்.

கடைக்காரர் ஒல்லி. பேசும்போதெல்லாம் கத்தியை உள்ளங்கையில் தீட்டுவார்.

"மூட்டையோட எங்க தம்பி?"

"சயாமுக்கு. சோறு போடுறாங்களாம்ணே."

நெற்றியிலிருந்து பிடரிவரை மெஷினை ஓட்டினார். பாதித் தலை மொட்டையானதும் கீழே வைத்துவிட்டார்.

"மெஷின் கெட்டுப்போச்சு. நாளைக்கு வா."

"இப்படியே எப்படிண்ணே லோரி ஏறுறது?"

"ஏறாத லா. வீட்டுக்குப் போ. சயாம் போனவன் ஒருத்தனும் திரும்பி முடிவெட்ட வரல."

"இந்தத் தலையப் பாத்தா ஜப்பான்காரனே ஓடிருவான்டா!" என்று நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே போய் லோரி ஏறினான். நான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு டத்தோ கிராமாட்டில் இருந்த வீட்டுக்கே திரும்பி நடந்தேன்.

சண்டை ஓய்ந்தும் அவன் வரவில்லை. கெட்டுப்போகாத அந்த மெஷின் இன்னும் எத்தனை பையன்களை வீட்டுக்கு அனுப்பியதோ, எனக்குத் தெரியாது.

நடந்ததையெல்லாம் ஒருநாள் நண்பனின் அம்மாவிடம் சொன்னேன். முழுதாக வளர்ந்திருந்த என் முடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன முதல்ல உக்கார விட்டிருக்கணும்டா நீ."