காதுக்குள் பிஸ்டன், ஐந்தாம் வருடம்

போன செவ்வாய்க்கிழமை தி. நகரில், சத்தம் புகாத ஒரு கூண்டுக்குள் என்னை உட்காரவைத்தார்கள். தலையில் ஹெட்போன், கையில் ஒரு பட்டன். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு வெளியே டாக்டர். பக்கத்தில் என் மனைவி ஜானகி.

அழுத்துவதா... வேண்டாமா?

விஷயம் இதுதான். என் வலது காது எப்போதோ கைவிட்டுவிட்டது. இடது நடுக்காதிலும் ஒரு குட்டி எலும்பு இறுகிப்போய் அசைய மறுத்தது. ஐந்து வருடம் முன்பு அதை எடுத்துவிட்டு, அரிசி மணியைவிடச் சின்னதாக ஒரு டெஃப்லான் பிஸ்டன் வைத்தார்கள். மயிலாப்பூர் முழுசும் மறுபடி காதில் விழுந்தது — கோயில் மணி, ஆட்டோ ஹாரன், ஜானகி.

மூன்று வருடம் ஒழுங்காக இருந்தேன். ஒரு நாள் உச்சி வெயிலில் கறிகாய் வாங்கிவரச் சொன்னாள். காதில் விழாததுபோல் இருந்துவிட்டேன். "காது மறுபடி மந்தமாயிடுத்து போலிருக்கே" என்று அவளே சொன்னாள். நான் மறுக்கவில்லை. எவ்வளவு சௌகரியம் தெரியுமா!

அதைவிடப் பெரிய லாபம் ஒன்று. கே.கே. நகரில் இருக்கும் தன் தங்கையிடம், என்னை வைத்துக்கொண்டே போனில் மனம்விட்டுப் பேச ஆரம்பித்தாள். அதுவும் நான் வாராவாரம் பத்திரிகையில் எழுதும் இந்தப் பத்தியைப் பற்றி. "என்னமா எழுதறார்டி! நேர்ல சொன்னா தலைக்கேறிடும்." இத்தனை வருட தாம்பத்தியத்தில் என்னிடம் சொல்லாத வார்த்தை. பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கண் கலங்கினேன், நிஜமாகவே.

இப்போது அவளே பிடிவாதமாக டாக்டரிடம் இழுத்து வந்துவிட்டாள். "பிஸ்டன் நழுவியிருந்தா காதைத் திரும்பத் திறக்கணும் சார்" என்கிறார் அவர். பொய் சொன்னால் கத்தி. உண்மை சொன்னால் ஜானகி. கத்தி பயம் ஜெயித்தது. ஒவ்வொரு 'பீப்'புக்கும் அழுத்தினேன்.

"பிரமாதம்! ஆபரேஷன் முடிஞ்சப்போ எப்படிக் கேட்டுதோ, இன்னைக்கும் அப்படியே கேக்குது" என்று டாக்டர் கிராஃபைக் காட்டினார். ஜானகி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

திரும்பும்போது ஆட்டோவில் மன்னிப்புக் கேட்டேன்.

"மொதல் வாரமே நேக்குத் தெரியுமே" என்றாள். "குக்கர் மூணாவது விசில் வந்தவுடனே, எழுந்து போய் அடுப்பை அணைச்சது யாராம்?"

அட! வாசல் மணி அடித்தால்கூட அசையாமல் ஜாக்கிரதையாக இருந்தேனே... விசில் எண்ணும் பழக்கம் காட்டிக்கொடுத்துவிட்டது.

"அப்போ தங்கைகிட்ட என்னைப் புகழ்ந்ததெல்லாம்?"

"உங்க காதுல விழட்டும்னுதான்."

"நிஜமாத்தான் சொன்னியா, சும்மாவா?"

ஆட்டோ இரைச்சலைச் சாக்காக வைத்து, கேட்கவில்லை என்று காதைத் தொட்டுக் காட்டினாள்.

இத்தனைக்கும் அவள் காதில் ஒரு கோளாறும் கிடையாது.