எக்ஸ். ஒய். இசட். வீடு எது?

எங்கள் ஊரில் இரண்டு அரிசி ஆலைகளும் ஒரு சினிமாத் தியேட்டரும் ஓர் ஆஸ்பத்திரியும் இருப்பதாக 1991-ல் நான் இங்கிலீஷில் எழுதினேன். ஒரு பிழை இல்லாமல் எழுதினேன். வினையே அதுதான்.

உண்மையில் ஊரில் இருந்தவை இவ்வளவே: ஓர் ஏரி, சில வருஷங்களில் அதில் தண்ணீர், ஒரு சிமெண்ட் தண்ணீர்த்தொட்டி, எல்லா வருஷமும் வேலிகாத்தான் முள். ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே கிடந்தோம். பள்ளிக்கூடம் கூட்டுரோட்டைத் தாண்டி. காலையில் நாலு, மாலையில் நாலு. மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வோம். காலைக் கால் பார்த்துக்கொள்ளும்.

அப்போது பிளஸ் ஒன்னில் இருந்தேன். இங்கிலீஷ் என்பது எங்களுக்கு ஒரு பாஷை இல்லை, மஞ்சள் அட்டை போட்ட ஒரு கைடு. அதில் முப்பது கட்டுரை, இருபத்துநாலு கடிதம். பேரைச் சொல்லிக் கேட்கமாட்டோம், நம்பரைச் சொல்லித்தான் கேட்போம். ஐந்து, காய்ச்சலுக்கு லீவு. ஒன்பது, நண்பனின் தகப்பனார் இறந்ததற்கு அனுதாபம். பதினேழு, எங்கள் ஊருக்குப் பஸ் வசதி வேண்டுதல். தூக்கத்தில் எழுப்பிப் ‘பதினேழு’ என்றால் ‘மதிப்பிற்குரிய ஐயா’விலிருந்து ‘தங்கள் உண்மையுள்ள’ வரைக்கும் மூச்சு விடாமல் வரும். எல்லாக் கடிதத்துக்கும் அடியில் ஒரே ஆள்தான் கையெழுத்துப் போடுவார். எக்ஸ். ஒய். இசட். சொந்தப் பெயரைப் பரீட்சைப் பேப்பரில் எழுதினால் அடையாளம் காட்டியதாகிவிடும், பேப்பர் செல்லாது என்று ஆறாம் வகுப்பிலிருந்தே மிரட்டி வைத்திருந்தார்கள். ஆகவே காய்ச்சல் வந்ததும் எக்ஸ். ஒய். இசட்.டுக்குத்தான். சைக்கிள் தொலைத்ததும் அவர்தான். பாவம், அந்த மனுஷன் படாத பாடில்லை.

அந்த ஜூன் மாதம் தாம்பரத்திலிருந்து ஒரு புது இங்கிலீஷ் மிஸ் வந்தார். தற்காலிக வேலை. கல்லூரியை விட்டு வந்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்காது. முதல் நாளே எங்கள் கைடுகளை வாங்கி மேஜைமேல் அடுக்கி, அதன்மேல் தன் சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டார்.

“காலேஜ்ல உங்களுக்கு யாரும் நோட்ஸ் தரமாட்டாங்க. நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு கேப்பாங்க. அப்ப என்ன எழுதுவீங்க?”

நினைப்பதை எல்லாம் எழுதலாம் என்று எங்களிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. நினைப்பதற்கு எத்தனை மார்க் என்றும் தெரியவில்லை.

மிஸ் கொடுத்த வேலை இது: நிஜமான ஓர் ஆளுக்கு, நிஜமாக வேண்டிய ஒன்றைக் கேட்டு, சொந்த விலாசத்திலிருந்து ஒரு கடிதம். ஸ்டாம்பு ஒட்டித் தபாலில் போடவேண்டும். “நான் திருத்தமாட்டேன். யாருக்கு எழுதறீங்களோ, அவங்க திருத்தட்டும்.”

வகுப்பே ஆடிப்போயிற்று. எங்கள் லீடருக்கு ஒன்பதாம் நம்பர் ஒன்றுதான் முழுசாகத் தெரியும். அவன் சேரப்பணஞ்சேரியில் இருந்த தன் சிநேகிதனுக்கு, தகப்பனார் இறந்ததற்கு ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்து எழுதிப்போட்டான். நாலாம் நாள் அந்தத் தகப்பனாரே சைக்கிளில் வந்து பள்ளிக்கூட வாசலில் நின்று, “எவன்டா அது? என்னை சாவடிச்சவன் எவன்டா?” என்று கேட்டார். லீடர் ஒரு வாரம் காய்ச்சல் லீவு எடுத்தான். ஐந்தாம் நம்பர் அவனுக்குப் பாதிதான் வந்தது.

நான் பதினேழை எடுத்தேன். எங்களுக்குப் பஸ் இல்லை என்பதால் இல்லை. போன வருஷம் அதில் பத்துக்கு ஒன்பது வாங்கியிருந்தேன், அதனால். மதுரை, காந்தி தெரு, பன்னிரண்டாம் எண் என்று கைடில் இருந்ததை மட்டும் அடித்துவிட்டு எங்கள் ஊரையும் தெருவையும் எழுதினேன். மற்றதெல்லாம் கைடில் இருந்தபடியே. அடியில் வந்ததும் கை தானாக எக்ஸ். ஒய். இசட். என்று போட்டது. நானும் தடுக்கவில்லை. ஏதாவது ஏடாகூடமானால் அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

அக்காவைப் பற்றி இப்போதே சொல்லிவிட வேண்டும். அந்த வருஷம்தான் பிளஸ் டூ முடித்திருந்தாள். எங்கள் தெருவில் முதல் ஆள். தாம்பரத்துக் கல்லூரி விண்ணப்பப் பாரத்தை யாரிடமோ சொல்லி வாங்கி, துணிப்பெட்டியில் சேலை மடிப்புக்குள் வைத்திருந்தாள். நைனா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், ஒரு வார்ப்படக் கம்பெனியில் ஃபிட்டர். அவருக்கு உலகத்தில் எல்லாமே ஷிஃப்ட் கணக்கு. “கூட்ரோட்டுக்கு நடந்து போய் பஸ் புடிச்சி, சாயங்காலம் இருட்டுல முள்ளுக்குள்ள நடந்து வருவியா? அது இன்னா ஷிஃப்ட்டு?” என்றார். அக்கா விடவில்லை. மூன்றாம் நாள் தெருவே கேட்க, “நம்ம ஊரு தண்ணித்தொட்டிகிட்ட பஸ்ஸு வந்து நிக்கட்டும். அன்னிக்கு அனுப்பறேன். வல்லக்கோட்டை முருகன் மேல சத்தியம்” என்றார். குதிரைக்குக் கொம்பு முளைக்கட்டும் என்பதைத்தான் நைனா அப்படி மரியாதையாகச் சொன்னார். தெரு சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

பஸ் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறேன் என்று நான் சொன்னபோது உறையை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். ஒட்டியாகிவிட்டது. “நானே போட்டுட்டு வர்றேன்” என்று கூட்டுரோடு வரைக்கும் நடந்து போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு தினமும் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு வருவாள். “இன்னாடி, பதிலு வருமா?” என்பாள். என்னைக் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து ரொம்ப நாள் கோபமாக இருந்தேன்.

பதில் வரவில்லை. ஒரு சனிக்கிழமை காலை ஜீப் வந்தது.

தண்ணீர்த்தொட்டி பக்கத்தில் நின்றது. போக்குவரத்துக் கழகத்து அதிகாரி ஒருவர் இறங்கினார். வியர்வை, கையில் ஃபைல், ஃபைலுக்குள் என் கையெழுத்து. குடத்தோடு நின்ற பெண்களிடம் கேட்டார்: “இங்க எக்ஸ். ஒய். இசட். வீடு எது?”

ஊர் கூடிவிட்டது. நைனாவுக்கு அன்று இரண்டாவது ஷிஃப்ட். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் போய் நின்றார். நான் அம்மா முதுகுக்குப் பின்னால்.

“மூணு இன்ஷியல் கீதே, பெரிய ஆளா இருப்பாரு சார்.”

“யோவ், எக்ஸுன்னா நம்ம சேவியருய்யா!”

“ஆமா, ஒய் யாரு? அவங்க அப்பாரு யாகப்பன்!”

“அப்ப இசட்டு?”

இசட்டுக்கு ஊரில் ஆளே இல்லை. பிறகு பால்காரர் சொன்னார்: “இன்னா, பி.ஏ. கணக்கா ஒரு படிப்பா இருக்கும்.”

கோவில் தெருவுக்கு அந்தப் பக்கம், மாதா கோயில் தெருவிலிருந்து சேவியர் மாமாவைச் சட்டை மாட்டவைத்து அழைத்து வந்தார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு விஷயம் ஒன்றும் தெரியாது. ஜீப்பைப் பார்த்தார், ஃபைலைப் பார்த்தார், அதிகாரி முகத்தை இரண்டு தடவை பார்த்தார்.

“நல்ல சேதின்னா நான்தான் சார்” என்றார்.

அதிகாரி கடிதத்தை இங்கிலீஷில் உரக்கப் படிக்க ஆரம்பித்தார். அப்போது ஒன்றைப் பார்த்தேன். தொட்டிக்கு எதிரே எங்கள் வீட்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்காவின் உதடு அவரோடு கூடவே அசைந்தது. அவளும் அதே கைடு. ‘இரண்டு அரிசி ஆலைகள்’ என்ற இடத்துக்கு அவர் வருவதற்கு ஒரு வார்த்தை முன்னாலேயே அவள் வந்துவிட்டாள். வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதிகாரி தமிழுக்கு மாறினார். “ரெண்டு ரைஸ்மில்லு, ஒரு தியேட்டர், ஒரு ஆஸ்பத்திரி. ஜனத்தொகை பத்தாயிரம். எங்கய்யா அதெல்லாம்?”

“தியேட்டர் கீதா சார்?” நைனாதான் கேட்டார். நிஜமான ஆவலோடு கேட்டார். “எந்தப் பக்கம் சார்? இம்மா நாளா ஒருத்தனும் என்கிட்ட சொல்லலியே!”

கூட்டம் சிரித்தது. அதிகாரிக்கு முகம் சிவந்தது. பொய் மனு, அரசாங்க ஜீப், அரசாங்க டீசல் என்றெல்லாம் பேசினார். ‘பொய் மனு’ என்றதும் சேவியர் மாமா, “நான் வெறும் சேவியர்தான் சார், இசட்டெல்லாம் எனக்குத் தெரியாது” என்று சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டே பின்னால் நகர்ந்தார். எக்ஸ். ஒய். இசட்.டுக்கு இதுவரை காய்ச்சல்தான் வந்திருக்கிறது. ஜெயில் வந்ததில்லை.

கடைசியாக அதிகாரி கேட்டார்: “சரி, அதை விடுங்க. உங்க ஊருக்குப் பஸ் வேணுமா, வேணாமா? அதையாவது சொல்லுங்க, எழுதிக்கினு போறேன்.”

அவர் கேட்டது முன்வரிசையை. முன்வரிசையில் நைனா.

“எங்களுக்கு எதுக்கு சார் பஸ்ஸு? அல்லாரும் சைக்கிள்ல போறவங்க. வேணாம்னே எழுதிக்கோ சார்.”

“இன்னாய்யா, பஸ்ஸு வந்தா பொண்ணை காலேஜுக்கு அனுப்பறேன்னு சொல்லிகினு இருந்தியே!” என்றார் பால்காரர்.

“அதுக்கோசரம் அரசாங்கத்தைத் தொந்தரவு பண்ண முடியுமா?”

அதிகாரி பேனா மூடியைத் திறந்தார். அவர் எழுதிவிடுவார். ஒரே வார்த்தை, எழுதிவிட்டு ஜீப்பில் ஏறிவிடுவார். அப்போது அக்கா நிலையை விட்டுவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

“நான்தான் சார் எக்ஸ். ஒய். இசட்.”

நான் அம்மாவின் முந்தானையை வாயில் கடித்துக்கொண்டேன்.

“ஏம்மா, படிச்ச பொண்ணு, இல்லாததை எல்லாம் எழுதலாமா?”

“தப்பு சார். இங்க ரைஸ்மில்லு இல்ல, தியேட்டரு இல்ல, ஆஸ்பத்திரி இல்ல. எல்லாம் இருந்தா நாங்க ஏன் சார் பஸ் கேக்கப்போறோம்? அதெல்லாம் இருக்கிற எடத்துக்குப் போறதுக்குத்தானே கேக்கறோம்.”

அதிகாரி திறந்த பேனாவை அவளிடம் நீட்டினார். பிறகு, “இப்ப சொன்னதை எழுதிக் குடு. பேரோட” என்றார்.

என் நோட்டுத்தான் அகப்பட்டது. நடுப்பக்கத்தைக் கிழித்து, ஜீப்பின் பானெட்டின் மேல் வைத்து எழுதினாள். சூட்டுக்குக் கையை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு எழுதினாள். தமிழிலேயே போதும் என்று அவர் சொன்னார். அவள் இங்கிலீஷில்தான் எழுதினாள். நாலு வாக்கியம். எங்கள் ஊரில் அரிசி ஆலை இல்லை. ஆஸ்பத்திரி இல்லை. காலேஜ் இல்லை. ஆகையால் ஒரு பஸ் வேண்டும்.

தியேட்டர் இருந்த இடத்தில் காலேஜ் வந்துவிட்டதை நான் கவனித்தேன். கைடில் அது கிடையாது. தப்பாக எழுதுகிறாள் என்று சொல்ல வாயெடுத்தேன், அம்மா கிள்ளினாள்.

“நாலு வரிதானா?” என்றார் அதிகாரி.

“ஊர்ல வேற ஒண்ணும் இல்ல சார்.”

அடியில் கையெழுத்துப் போடும் இடத்தில் அவள் பேனா நின்றது. கை, பழக்கத்தில், எக்ஸ் என்று ஒரு எழுத்தைப் போட்டுவிட்டது. அதைப் பார்த்தாள். குறுக்கே ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் தன் பெயரை எழுதினாள், முழுப் பெயரை, நைனாவின் இன்ஷியலோடு. நைனா எட்டிப் பார்த்தார். தன் இன்ஷியல் அரசாங்க ஃபைலுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டே கைலியை இறக்கி விட்டுக்கொண்டார்.

ஜீப் போனதும் நைனா ஷிஃப்டுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிப் போய்விட்டார். அக்காவுக்கு விழவேண்டிய அடி, அதாவது எனக்கு விழவேண்டிய அடி, அன்று யாருக்குமே விழவில்லை. எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டாளே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் பங்குக் கடலை உருண்டை நாலையும் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். எதற்கு என்றுகூடக் கேட்காமல் நாலையும் தின்றாள்.

திங்கட்கிழமை மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிக்கத்தான் ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டு, அந்த நாலு வாக்கியத்தையும் நோட்டில் எழுதிக் காட்டச் சொன்னார். எழுதினேன். சிவப்பு மையில் பத்துக்குப் பத்து போட்டார். என் முகம் மலர்வதற்குள், மார்க்குக்குப் பக்கத்தில் அக்காவின் பெயரைக் கேட்டு எழுதிவிட்டார். என் நோட்டு. என் கையெழுத்து. எனக்கு சைபர். இப்படி ஓர் அநியாயம் உண்டா என்று கூட்டுரோட்டிலிருந்து நாலு கிலோமீட்டரும் அழுதுகொண்டே வந்தேன்.

பொங்கல் கழிந்து பஸ் வந்தது. காலை ஒரு நடை, மாலை ஒரு நடை. தண்ணீர்த்தொட்டியைச் சுற்றித் திரும்பி நின்றது. டிரைவருக்கு மாலை போட்டவர் சேவியர் மாமா. மனு போட்டது தான்தான் என்று அவர் பிற்பாடு சொல்லிக்கொண்டு திரிந்ததை யாரும் மறுக்கவில்லை. நைனா பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டயரைத் தட்டிப் பார்த்தார். “ரெண்டே நடைதானா?” என்றார் டிரைவரிடம். டிரைவர் ஆமாம் என்றதும் அக்கா பக்கம் திரும்பாமலே, “ஜூன் மாசம்தானே பாரம் குடுப்பாங்க” என்றார்.

அக்கா அன்றைக்கே அதில் ஏறினாள். எங்கும் போவதற்கில்லை, கூட்டுரோடு வரைக்கும் போய்விட்டு நடந்து வருவதற்கு. ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கீழே நின்று கையாட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கைக்காக அவ்வளவு பெரிய பழியைத் தாங்கியவள், இப்படியா முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று எனக்குப் பொறுக்கவில்லை. பஸ் போன புழுதியில் நின்றுகொண்டு, அந்த நாலு கடலை உருண்டைகளில் இரண்டையாவது வைத்துக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தேன்.